நோயாளிகள் ஒரு வாரம், நலமாக இருப்பவர்கள் மறுவாரம்

ஒரு நோயில் எந்த மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது என்று அறிய, ரத்த மாதிரிகளை எல்லாம் சேகரித்து, ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலையும் (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று அளப்பது) முடித்த பிறகு புள்ளியியலாளரைப் பார்க்கப் போனோம். எங்கள் குழு செய்த பெரிய தவறு அதுதான். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

முதல் முறை போனது வீண். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும் ஆய்வுத் திட்டமும் கையில் இருந்தன. சந்திப்புக்கான விண்ணப்பத்தைப் புரட்டிய அலுவலக ஊழியர், "மாறிகளின் விளக்கப் பட்டியல் எங்கே?" என்றார். தரவுக் கோப்பின் ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. அது வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. எவ்வளவு கேட்டும் உள்ளே விடவில்லை. அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்து. கொதித்துப்போய்த் திரும்பினேன்.

பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் எங்கள் எக்செல் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தது. வயது தெரியாத இடத்தில் ஒருவர் 99 என்று எழுதியிருந்தார், இன்னொருவர் கோடு போட்டிருந்தார். அந்த 99 சராசரி வயதையே உயர்த்தியிருந்தது. மருந்தை நிறுத்தியவர்களை மஞ்சள் நிறத்தால் மட்டும் குறித்திருந்தோம். பகுப்பாய்வுக்கு மாற்றும்போது நிறம் போய்விடும். தனிப் பத்தி ஒன்று வைத்து ஆம், இல்லை என்று எழுதுங்கள். செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு 2 செப்டம்பர் ஆக்கியிருந்தது. இந்தத் தொல்லையால்தான் அதன் பெயர் இப்போது செப்டின்2. நாங்கள் வைத்திருந்தது பழைய பெயர்ப் பட்டியல்.

இரண்டாவது முறை உள்ளே போனோம். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் மாற்றம் தெரிகிறது என்று பெருமையாகச் சொன்னேன். புள்ளியியலாளர் அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மாதிரியை எந்த நாளில் தயாரித்தீர்கள்?"

நோயாளிகளின் 12 மாதிரிகளை முதல் வாரத்திலும், நலமாக இருப்பவர்களின் 12 மாதிரிகளை மறுவாரத்தில் புதிய வேதிப்பொருள் பெட்டியைத் திறந்தும் தயாரித்திருந்தோம். நாங்கள் கண்ட வேறுபாடு நோயால் வந்ததா, வாரத்தால் வந்ததா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது என்றார். தொகுதி விளைவை, அதாவது மாதிரிகளை வெவ்வேறு நாளில் தயாரிப்பதால் வரும் வேறுபாட்டை, நீக்கும் மென்பொருளைப் பற்றிக் கேட்டேன். இரண்டும் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால், அது நோயின் தடயத்தையும் சேர்த்தே துடைத்துவிடுமாம்.

எங்களைக் காப்பாற்றியது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. 24 பேரின் ஆர்.என்.ஏ.வும் மிச்சம் இருந்தது! வலியோடு கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்களை மறுபடி கூப்பிட வேண்டியதில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மையார் பத்தே நிமிடத்தில் மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தார்: ஒவ்வொன்றிலும் நான்கு நோயாளிகள், நான்கு நலமானவர்கள், வரிசை குலுக்கல் முறையில்.

மற்றதெல்லாம் சிக்கலின்றி முடிந்தது. ஆய்வகத்திடமிருந்து கோப்புகளை வாங்கும்போது எம்.டி.5 சரிபார்ப்பு எண்களையும் (கோப்பு முழுமையாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுபவை) மறக்காமல் கேளுங்கள். எங்கள் கோப்பு ஒன்று பாதியில் அறுபட்டு வந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது.

மாற்றம் தெரிந்த மரபணுக்களின் புதிய பட்டியல் மிகச் சிறியது. ஏறக்குறைய 20,000 மரபணுக்களைச் சோதித்தால், வேறுபாடு உண்மையில் இல்லாவிட்டாலும் 5 சதவீத வரம்பில் ஆயிரம் வரை தற்செயலாகவே தேறிவிடும் என்பதால் அதற்கான திருத்தத்தையும் செய்தோம். எஞ்சியவற்றை இப்போது தயங்காமல் பிறரிடம் காட்ட முடிகிறது. அடுத்த ஆய்வில் இன்னும் ஒரு துளி ரத்தம்கூட எடுக்கவில்லை. அம்மையாரிடம் சந்திப்பு நேரம் வாங்கிவிட்டேன்.