மருந்தடித்த ஏரி: ஒரு தூண்டில்காரனின் நாட்குறிப்பு

ஏப்ரல் 4

படித்துறைக்கு மேலே நிற்கும் மரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நீர்க்களை ஒழிப்புப் பணி விரைவில் தொடங்கும், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று இரண்டே வரிகள். எந்த மருந்து, எந்த நாள், ஏரியின் எந்தப் பகுதி, எவ்வளவு பரப்பு என்று எதுவுமே அதில் இல்லை. இதே கரையில் இருபது ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிற எனக்கு இவற்றைக் கேட்கத் தோன்றியது. கேட்பதற்குத்தான் அங்கே யாரும் இல்லை.

ஏப்ரல் 5

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

கிழக்குக் கரையில் மூன்றாவது கல்லுக்கு நேரே, அடர்ந்த பாசிக்கு நடுவில், ஒரு தட்டின் அளவுக்குத் தண்ணீர் வெளுத்துத் தெரிந்தது. குனிந்து பார்த்தபோது கடுகளவு மஞ்சள் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீரின் மேல் ஒரே படலமாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, ஒரு முழ ஆழத்தில், விரால் அசையாமல் நின்றது. பாசித் தண்டுகளைக் கடித்து விலக்கி அந்த வட்டத்தை அதுதான் உண்டாக்கியிருக்கிறது. என் நிழல் விழுந்ததும் அது விலகி ஓடாமல் என்னை நோக்கி மேலே வந்தது. முட்டையையும் குஞ்சையும் காக்கிற விரால் அருகில் வருகிற எதையும் பாய்ந்து கடிக்கும் என்பதால் அதைப் பிடிப்பது மிக எளிது, அதனாலேயே பிடிக்கக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த முட்டைகள் ஓரிரு நாளில் பொரியும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாகத் தாயும் தந்தையும் சூழப் பாசியின் ஓரத்திலேயே திரியும். அந்த ஒரு மாதத்துக்குள் இந்தப் பாசியைக் கருக்கிவிட்டால் அவை எங்கே ஒதுங்கும் என்பதைத் தவிர இன்றைக்கு வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஏப்ரல் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, பாசியே தெய்வம் என்பதுபோல எழுதிவிட்டேனோ என்ற எண்ணம் வந்தது. அப்படி நான் நினைக்கவில்லை. மேற்குப் பக்கத்தில் ஹைட்ரில்லா என்ற நீர்ப்பாசி கரையிலிருந்து நூறு அடி தூரத்துக்குப் பாய் விரித்ததுபோல மேற்பரப்பை மூடிக்கிடக்கிறது. படகுக்கார அண்ணன் விசிறியில் சுற்றிய கொடியை அறுத்து அறுத்துச் சலித்துப்போய்விட்டார். பாசி அவ்வளவு அடர்ந்துவிட்டால் பெரிய மீன் உள்ளே நுழைந்து சிறு மீனைப் பிடிக்க முடியாது. சிறு மீன்கள் பெருகி, இரை போதாமல், எல்லாமே விரலளவில் நின்றுவிடும். ஏரிப் பரப்பில் 20 முதல் 40 சதவீதம்வரை நீர்த்தாவரம் இருப்பது மீனுக்கு நல்லது என்று மீனியலாளர்கள் பொதுவாகச் சொல்வது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. ஆகவே குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இருக்கிற மொத்தத்தையும், வெயில் ஏறுகிற இந்த மாதத்தில், ஒரே மூச்சில் அழிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஏப்ரல் 12

மருந்தின் பெயர் டைக்வாட். படகுக்கார அண்ணனைத்தான் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். கேனைத் தன் வீட்டில் இறக்கி வைத்தபோது பெயரைப் படித்துவிட்டு வந்து சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, அதை அவரிடமே சொல்லியும்விட்டேன்.

மாலை முழுவதும் அதைப் பற்றிப் படித்தேன். ஃப்ளூரிடோன் என்ற இன்னொரு களைக்கொல்லியைப் போல மிகக் குறைந்த அளவில் ஊற்றி, ஒன்றரை மாதம் மூன்று மாதம் என்று காத்திருந்து செடியை மெல்ல வெளுக்கச் செய்து கொல்வதல்ல இது. பட்ட இடத்தைச் சில நாட்களிலேயே எரித்துவிடும், ஆனால் வேருக்குள் இறங்காது. மண்ணுக்குள் கிடக்கிற ஹைட்ரில்லாக் கிழங்கை அது தொடுவதே இல்லை. அந்தக் கிழங்குகளோ நான்கு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடந்து முளைக்கக்கூடியவை. கலங்கல் தண்ணீரில் இது வேலையும் செய்யாது, ஏனென்றால் களிமண் துகள் அதை இறுகப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடும்.

இன்னொன்றையும் படித்தேன். தயாரிப்பாளர்கள் தரும் பயன்பாட்டுக் குறிப்பிலேயே, களை அடர்ந்த நீர்நிலையில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மட்டுமே அடிக்க வேண்டும் என்றும், அடுத்த பகுதிக்குப் போகும் முன் 14 நாள் பொறுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அடிபடாத பகுதிக்கு மீன் ஒதுங்குவதற்காகத்தான் அந்த இடைவெளி. நான் கேட்பதும் இதைத்தான், வேறு எதையும் புதிதாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

காலை 5.40. இரவல் வாங்கிய அளவியில் வெளிநீரில் லிட்டருக்கு 5.6 மில்லிகிராம் ஆக்சிஜன், மேற்குப் பாசியின் நடுவில் 3.8, நீரின் வெப்பம் 29 டிகிரி.

ஏப்ரல் 15

முட்டைகள் பொரிந்து சில நாள் ஆகியிருக்கும். மூன்றாவது கல்லருகே இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர் துடித்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 17

பதினொரு பேர் கையெழுத்திட்ட மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கிழக்குக் கரையை விட்டுவிட வேண்டும், மீதியிலும் மூன்றில் ஒரு பங்காக அடிக்க வேண்டும், மருந்தின் பெயரையும் நாளையும் முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும் என்ற மூன்று வேண்டுகோள்கள்தான் அதில் இருந்தன. அதிகாரி பொறுமையாகவே கேட்டார். இந்த மருந்து அடித்த நீரில் மீன் பிடிக்கக் காத்திருக்கும் காலம் எதுவும் விதிக்கப்படவில்லை, அடித்த அன்றே தூண்டில் போடலாம், வீணாக அச்சப்படுகிறீர்கள் என்றார். ஐயா, மருந்து மீனுக்கு நஞ்சு என்று நாங்கள் சொல்லவே இல்லை, மூச்சு முட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நான் சொன்னேன். இருபது டிகிரியில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்குகிற தண்ணீர் முப்பது டிகிரியில் ஏழரைதான் தாங்கும் என்பதையும், விடியற்காலையில் அது அதனினும் வெகுவாகக் குறைந்து நிற்கும் என்பதையும் என் குறிப்பேட்டைக் காட்டி விளக்கினேன்.

2019 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் நீர்க்களைக்கு மருந்தடிப்பதை நிறுத்திவைத்துப் பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்டது. மார்ச்சில்தான் மறுபடி தொடங்கியது. தூண்டில்காரர்களும் ஏரிக்கரைக்காரர்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததால் நடந்த காரியம் அது. கேட்கும் வழக்கம் உலகத்தில் இல்லாதது அல்ல என்பதற்காக இதையும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லை வழி நெடுகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 18

இரவு முழுவதும் மழை. கிழக்கு வாய்க்கால் வழியாகச் செம்மண் தண்ணீர் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 19

இன்று அடித்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் ஏரியைச் சுற்றி முழுவதும் அடித்து முடித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பதும் பாதி என்பதும் பேச்சிலேயே இல்லை. கிழக்குப் பக்கம் தேநீரைப் போலக் கலங்கிக் கிடந்தபோதும் அங்கேயும் அடித்தார்கள். சேற்றுத் தண்ணீரில் அடிப்பது வீண் என்று கரையிலிருந்து கத்தினேன்; இயந்திரச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. படகுக்கார அண்ணன் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 20

அப்பா தாமாகவே கேட்டார். சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் பேசவில்லை.

ஏப்ரல் 23

மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு தண்டை இழுத்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஹைட்ரில்லாவின் இலை தண்டைச் சுற்றி ஐந்தாகவோ ஆறாகவோ வட்டமாக அமைந்திருக்கும். விளிம்பில் நுண்ணிய பற்கள் இருப்பதால் விரலால் வருடினால் சொரசொரக்கும். இந்தத் தண்டில் அந்தச் சொரசொரப்பு இல்லை. இலைகள் ஊறவைத்த காகிதத்தைப் போல வழுவழுத்து, நுனியிலிருந்து பழுப்பேறி, லேசாக அழுத்தியதும் கணுவிலிருந்து கழன்று கையோடு வந்தன. நீரில் விட்டதும் முன்போல மிதக்காமல் அடியை நோக்கிப் போயிற்று.

கிழக்கே மாற்றமில்லை. பாசி பச்சையாகவே இருக்கிறது. குஞ்சுக்கூட்டமும் இருக்கிறது.

ஏப்ரல் 26

காலை 5.30. வெளிநீரில் ஆக்சிஜன் 1.9, நீரின் வெப்பம் 30 டிகிரி. மேற்குப் பக்கம் முழுவதும் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஓசையை இதற்கு முன் இந்த ஏரியில் நான் கேட்டதில்லை. யாரோ இருட்டில் மெதுவாக முத்தமிடுவதைப் போல் இருந்தது. அலுவலகத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன்.

ஏப்ரல் 27

மேற்குக் கரையில் மட்டும் செத்து ஒதுங்கிய கெண்டைகள் 43. எல்லாம் கையளவுக்கு மேற்பட்டவை. மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் உறுப்பு விராலுக்கு உண்டு என்பதால் செத்தவற்றில் ஒரு விரால்கூட இல்லை. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் முயன்றேன், முடியவில்லை. பிறந்த புதிதில் குஞ்சுக்கு அந்த உறுப்பு வளர்ந்திருக்காது, கிழக்கு ஓரம் மட்டும் கலங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 30

தூக்கம் வரவில்லை. ஃபுளோரிடாவில் உள்ள அப்போப்கா ஏரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1940களில் தெளிந்த தண்ணீரும் தரை தெரியும் நீர்த்தாவரமும் பெரிய மீன்களுமாக, கரையெங்கும் தூண்டில்காரர்கள் தங்கும் விடுதிகளோடு இருந்த ஏரி அது. பண்ணைகளிலிருந்து வந்த உரநீரும், 1947ஆம் ஆண்டுப் புயலில் செடிகள் பெயர்ந்துபோனதும் சேர்ந்து, பச்சைக் குழம்பாக மாறிவிட்டது. பல பத்தாண்டுகளாகச் செலவிட்டும் அதைப் பழைய நிலைக்கு முழுமையாகக் கொண்டுவர முடியவில்லை. அங்கே செடியை அழித்தது மருந்தல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆழமில்லாத ஏரி ஒன்று செடியின் பக்கம் நிற்கும், அல்லது நுண்பாசியின் பக்கம் சாய்ந்துவிடும்; சாய்ந்த பிறகு நிமிர்த்துவது மிகக் கடினம். நம் ஏரியின் ஆழமே பத்து அடிதான்.

மே 3

பிடித்த மீனைச் சாப்பிடலாமா என்று அப்பா கேட்டார். டைக்வாட்டைப் பொறுத்தவரை தடையில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு வேறொரு கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. 1994இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஓர் ஏரியில் வெண்தலைக் கழுகுகள் தள்ளாடித் தள்ளாடிச் செத்தன. அதன் காரணம் 2021இல்தான் உறுதியாயிற்று: ஹைட்ரில்லா இலையின் மேல் ஒட்டி வளரும் ஒரு நீலப்பச்சைப்பாசி உண்டாக்கும் நஞ்சு. அந்த நஞ்சு உருவாகப் புரோமைடு வேண்டும்; டைக்வாட் புரோமைடு உப்பாகவே விற்கப்படுவதால், அதுவும் புரோமைடு வருகிற வழிகளில் ஒன்றாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த நீலப்பச்சைப்பாசி இந்த ஏரியில் இருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை, இருப்பதாக நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஊற்றிய மருந்தோடு கதை முடிந்துவிடும் என்று யாராவது சொல்லும்போது இனி என்னால் பேசாமல் இருக்க முடியாது.

மே 7

தண்ணீர் பச்சையாகிவிட்டது. இரண்டடி ஆழத்தில் கிடந்த கல் தெரிந்த இடத்தில் இன்று முழங்கை அளவில் என் கையே மறைகிறது. அழுகிய பாசி விட்ட சத்து முழுவதும் இப்போது நுண்பாசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேற்குக் கரையில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒளிய இடமில்லாத சிறுமீன்களை அவை ஒவ்வொன்றாக எடுக்கின்றன.

மே 11

மேற்கே சேற்றைக் கையால் அளைந்து பார்த்தேன். பட்டாணி அளவில் இரண்டு கிழங்குகள் கிடைத்தன, ஒன்றில் ஓர் அங்குல முளை விட்டிருந்தது. எதற்காக 43 கெண்டைகள் செத்தன என்ற கேள்வியோடு அந்த முளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மரத்தில் புதிய தாள். இம்முறை மருந்தின் பெயரும் நாளும் இருக்கின்றன. எங்கள் மனுவில் அந்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குப் பகுதியில் பலன் கிடைக்காததால் மே 14 அன்று இரண்டாம் முறை அடிக்கப்படும் என்று இருக்கிறது. சேறு காப்பாற்றிய இடத்துக்கே வருகிறார்கள்.

மே 12

குஞ்சுகளின் செந்நிறம் மங்கிக் கருமை ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நாள் கிடைத்தால் கூட்டம் கலைந்து அவரவர் வழியில் போய்விடும். பத்து நாள் தள்ளிவைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வேண்டுகோளோடு புதிய மனு எழுதினேன். எழுத்து நடுங்குகிறது என்று சொல்லியும் கேட்காமல் முதல் கையெழுத்தை அப்பாதான் போட்டார். படகுக்கார அண்ணனும் போட்டார்.

மே 13

காலை 5.35. வெளிநீரில் 3.3, கிழக்குப் பாசியின் ஓரத்தில் 4.6. தண்ணீர் இன்று அங்கே தெளிந்திருக்கிறது. அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும்.