ஜப்பான் அலுவலகமும் என் சைவச் சாப்பாடும்

ஜப்பானில் கறித்துண்டை ஒதுக்குவது எளிது. மீனை ஒதுக்குவதுதான் பெரும்பாடு.

சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவுகிறார்கள். நம்மூர் மாசிக் கருவாடும் அதே மீன்தான். அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு இறக்கும் சாறுக்குத் தாஷி என்று பெயர். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், சோபா நூடுல்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் சாறு, வேகவைத்த காய்கறி என்று எதிலும் அது இருக்கும். நாட்டோ என்ற புளித்த சோயாப் பயறு பாக்கெட்டோடு வரும் சின்ன சாஸ் உறையில்கூடப் பெரும்பாலும் உண்டு. பாக்கெட் உணவில் இறால், நண்டு, முட்டை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் சூரை மீன் கிடையாது. அதனால் சேர்மானங்களை ஒன்றுவிடாமல் படித்தே ஆக வேண்டும்.

வீட்டில் சமைப்பதும் மதியத்துக்கு டப்பா கட்டுவதும் பழகிவிடும். அலுவலக விருந்து அப்படியல்ல. டிசம்பரில் வரும் ஆண்டிறுதி விருந்தை யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதில் இளையவர், பொறுப்பேற்று நடத்துவார். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு வரிசையை முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார். அங்கே போய் உட்கார்ந்தபின் “இது வேண்டாம், அது வேண்டாம்” என்றால் சங்கடம் அவருக்குத்தான். எனவே தேதி முடிவான அன்றே அவரிடம் பேசிவிடுவேன். சாப்பிடாதவற்றை அடுக்குவதைவிட, சாப்பிடுபவற்றைச் சொன்னால் அவருக்கும் சுலபம்: எடமாமே என்ற வேகவைத்த பச்சை சோயாக் காய், வெள்ளரிக்காய் சுஷி, மீன் சீவல் தூவாத தோஃபு. குழுவையே ஒவ்வொரு முறையும் இந்திய உணவகத்துக்கு இழுத்துப்போகும் சிலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்போதாவது என்றால் சரி.

இத்தனைக்கும் புலால் மறுத்தல் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 675-லேயே தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்ணக்கூடாது என்று ஆணையிட்டார். மீனுக்குத் தடையில்லை, மீன் சாறு இவ்வளவு ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். பௌத்த மடங்களில் மீனும் இல்லாத ஷோஜின் சமையல் வளர்ந்தது. கொம்பு என்ற கடற்பாசியும் ஷீடாகே காளானும்தான் அவர்களுடைய சாறுக்கு ஆதாரம். கோயாசான் மலைக் கோயில்களில் தங்குபவர்களுக்கு இன்றும் அதைத்தான் பரிமாறுகிறார்கள்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர், நான் துறவியைப்போல் சாப்பிடுகிறேனே என்று வியந்தார். அப்புறம் அவரே, சிறு வயதில் வீட்டில் துக்கம் நடந்தால் சில நாட்கள் மீனும் கறியும் இல்லாமல் இருந்ததைச் சொன்னார். என் பழக்கத்தை நான் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாலும் அவருக்கு இவ்வளவு நெருக்கமாகப் புரிந்திருக்காது. அவருடைய தட்டில் இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அவரும் அப்படியே.

முன்பே கேட்டால் சில கடைகளில் கொம்புச் சாறில் தனியாகச் செய்து தருவார்கள். சில கடைகள் முடியாது என்றுவிடும். அப்படியானாலும் விருந்துக்குப் போவேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், எடமாமேயும் தேநீருமாகக் கடைசிவரை அவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.