ஒரு ஏக்கர் குறுவைக்கு எவ்வளவு செலவு?

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். திருச்சியில் ஒரு தனியார் வங்கியில் விவசாயக் கடன் பிரிவுக்கு வியாழக்கிழமை இன்டர்வியூவாம். “அண்ணே, நீங்க இதே வேலையிலதானே இருக்கீங்க, என்ன படிக்கணும்னு சொல்லுங்க” என்றான். இதுவரை என்ன படித்தாய் என்று கேட்டேன். ரெப்போ ரேட், சிஆர்ஆர், எஸ்எல்ஆர், வங்கி தொடங்கிய வருடம், சேர்மன் பெயர் என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையே மனப்பாடம் செய்துகொண்டு போய்த்தான் ஊத்திக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் கொரடாச்சேரி பக்கம். பத்து மணி இன்டர்வியூவுக்கு ஆறேகால் பஸ் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழியில் ஒரு ரயில்வே கேட் (எது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்க, பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் இறங்கி டீ குடித்து முடித்தும் கேட் திறக்கவில்லை. தஞ்சாவூரில் வேறு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து நான் உள்ளே போனபோது பத்தேகால். அதனால் தம்பிக்கு முதலில் சொன்னதே, முந்தின நாள் சாயங்காலமே போய்த் திருச்சியில் யார் வீட்டிலாவது படுத்துக்கொள் என்பதுதான்.

உள்ளே மூன்று பேர். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ வரை பிரச்சினை இல்லை, ஒப்பித்துவிட்டேன். அப்புறம் நடுவில் இருந்தவர், “அப்பா என்ன செய்றார்?” என்றார். “விவசாயம் சார்.” “அப்ப சொல்லுங்க, ஒரு ஏக்கர் குறுவைக்கு எவ்வளவு செலவாகும்?”

குறுவை என்றால் எங்கள் பக்கம் ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல் சாகுபடி. விவரம் தெரிந்த நாளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் காதில் விழுகிற கணக்குதான் அது. ஆனால் அப்பா பேசுவதெல்லாம் மாக்கணக்கு. மாவுக்கு இத்தனை ஆள், மாவுக்கு இத்தனை மூட்டை. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், மூன்றால் பெருக்கினால் போதும், அது கூட அந்த நேரத்தில் வரவில்லை. குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொன்னேன். அதில் அறுப்புக்கூலி உண்டா என்று கேட்டார். முழித்தேன்.

அடுத்த கேள்வி, பயிர்க்கடன் எப்போது வாராக்கடன் ஆகும்? படித்ததாயிற்றே, “90 நாள் சார்” என்றேன் கம்பீரமாக. அவர் சிரித்தார். “விவசாயி கையில மாசாமாசமா தம்பி காசு வருது?” மற்ற கடன்களுக்குத்தான் 90 நாள். நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், தவணை தவறி இரண்டு சாகுபடிப் பருவம் கடந்தால்தான் வாராக்கடன். ஒரு போகம் மழையில் போனால் அடுத்த அறுப்பில்தான் காசைப் பார்க்க முடியும், அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இது ரிசர்வ் வங்கி விதி, நான் படித்த புத்தகத்திலும் அடுத்த பத்தியிலேயே இருந்திருக்கிறது. பொதுவானதைப் படித்துவிட்டு, நான் கேட்டுப் போன வேலைக்கு உரியதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஊருக்கு வந்து அப்பாவை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதினேன். உழவு, நாற்றங்கால், நடவுக்கூலி, அடியுரம், மேலுரம், களை, மருந்து, அறுப்பு மிஷின். மிஷினுக்கு வந்தபோது அப்பா நிறுத்தி, “எந்த வண்டி?” என்றார். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி, சேறாக இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்கும், அதற்கு மணி வாடகை கூடுதல். குறுவை அறுப்பு மழையோடு வந்தால் செலவே மாறிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் விதை எப்போது விடுவார்கள், 110 நாள் ரகம் எப்போது அறுப்புக்கு வரும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் எத்தனை நாள் களத்தில் கிடக்கும் என்று தொடர்ச்சியாகச் சொல்லத் தெரிந்தால், ‘கொடுத்த கடன் எப்போது திரும்பி வரும்’ என்ற கேள்விக்குத் தனியாகப் படிக்கவே வேண்டாம்.

வட்டியையும் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அப்படியிருக்க விவசாயி உங்களிடம் ஏன் வருவார் என்று கட்டாயம் கேட்பார்கள். டிராக்டர், போர், மாடு என்று பயிருக்கு வெளியே அவருக்கு வேண்டியது நிறைய இருக்கிறது, அங்கேயிருந்து பேச்சைத் தொடங்கு என்றேன்.

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டாவது இன்டர்வியூவுக்கு முன்னால் போர்செட் பக்கம் நின்று பேசி போனில் பதிவு செய்து கேட்டேன். முக்கால்வாசி வாக்கியம் ‘ஆக்சுவலா’ என்று ஆரம்பித்தது. வெட்கமாக இருந்தாலும் நாலு நாளில் பாதி குறைந்தது. சட்டை, ஃபைல், அசல் சான்றிதழ் எல்லாம் அவனுக்கே தெரியும். டூவீலர் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், கிராமம் கிராமமாகச் சுற்றுகிற வேலை. எல்எல்ஆர்தான் இருக்கிறதாம். சரி, அதை மறைக்காமல் சொல்லிவிடு என்றேன்.

சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், நிலத்தைப் பார்ப்பது எங்கள் அப்பாதான். “பெரியப்பாகிட்ட போனைக் குடுங்கண்ணே” என்றான். கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு, “இப்ப நீ சொல்லு, ஒரு ஏக்கருக்கு எவ்வளவு?” என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பெரியப்பா, ஒரு நிமிஷம்... மாவுக்கா ஏக்கருக்கா?”