கால்பேக் வரும் நேரத்தில் விழுந்துவிடும் டாட்நெட் நிரல்

ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில், கேமரா அனுப்பும் படங்களை வாங்கிச் சரிபார்க்கும் சி ஷார்ப் நிரல் எங்களுடையது. கேமராவை இயக்குவது அதை விற்ற நிறுவனத்தின் சி லைப்ரரி. படம் தயாரானதும் அந்த லைப்ரரி தன் சொந்த த்ரெட்டிலிருந்து (தனி இயக்க ஓட்டம்) எங்கள் கால்பேக்கை, அதாவது அது அழைப்பதற்காக நாங்கள் கொடுத்து வைத்த ஃபங்ஷனை, அழைக்கும். சி ஃபங்ஷன்களை இணைக்கும் டிஎல்எல்இம்போர்ட் அறிவிப்புகள், ஸ்ட்ரக்ட் பொருத்தங்கள், முதல் படம் எல்லாம் தடையின்றி முடிந்தன. தொழிற்சாலையின் லினக்ஸ் கணினியில் நிறுவிய பிறகுதான் நிரல் விழத் தொடங்கியது. சில சமயம் தொடங்கிய சில நிமிடங்களில் விழும். சில சமயம் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடிவிட்டு விழும். எங்கள் பதிவுக் கோப்பில் ஒரு எக்ஸெப்ஷன்கூட இருக்காது. நேட்டிவ் பக்கத்தில், அதாவது சி லைப்ரரிக்குள், நேரும் நினைவக மீறலை இப்போதைய டாட்நெட் பதிப்புகளில் ட்ரை-கேட்ச் கொண்டு பிடிக்க முடியாது என்பதால், பதிவு இல்லாததில் வியப்பும் இல்லை.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். "எங்கள் மாதிரி நிரல் நாள் முழுக்க ஓடுகிறது, கோளாறு உங்கள் பக்கம்தான்" என்பதே பதில். விழுந்த கணத்தின் நினைவக நகலான முழு டம்ப்பை எடுத்து, அதிலுள்ள ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) பெயர்களோடு படிக்க உதவும் சிம்பல் கோப்பைக் கேட்டபோது, பல நினைவூட்டல்களுக்குப் பிறகு ஒன்றை அனுப்பினார்கள். அது வேறொரு பில்டுக்கு உரியது; அந்தந்த பில்டின் அடையாளமான பில்ட் ஐடி பொருந்தாததால் டீபக்கர் அதை ஏற்கவே இல்லை. இதில் வீணான நேரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சலாகவே இருக்கிறது. சிம்பல் கோப்பு கேட்பவர்கள், கையில் இருக்கும் லைப்ரரியின் பில்ட் ஐடியையும் சேர்த்து எழுதி, அதற்குரியதுதான் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையான துப்பு, நிரல் முடியும்போது தரும் வெளியேறும் எண்ணில் இருந்தது. பெரும்பாலும் 139, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். ஆனால் இடையிடையே 134 வந்தது. 134 என்றால் அபார்ட்: டாட்நெட் ரன்டைமே ஏதோ ஒன்றைக் கண்டு தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்படி நிறுத்தும்போது டாட்நெட் காரணத்தையும் எழுதும். அதை ஏன் நாங்கள் பார்க்கவில்லை என்று தேடியபோது, கணினியை நிறுவியவர்கள் எழுதிய தொடக்க ஸ்கிரிப்ட், பிழை வெளியீடு முழுவதையும், எதையும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஒரு வரியை மாற்றியதும், அடுத்த 134-இல் செய்தி வந்து விழுந்தது: பயனற்ற நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) எடுத்துவிட்ட ஒரு டெலிகேட்டின் (மெத்தட்டைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) மீது கால்பேக் வந்திருக்கிறது, அந்த டெலிகேட்டின் வகைப் பெயர் இன்னது. எங்கள் படக் கால்பேக்கின் பெயரேதான்.

காரணம் தன் சி லைப்ரரியைப் பயன்படுத்த நிறுவனமே கொடுத்த சி ஷார்ப் ரேப்பரில் இருந்தது. கால்பேக்கைப் பதிவு செய்யும் இடத்தில் மெத்தட் பெயரை அப்படியே கொடுத்திருந்தார்கள். கம்பைலர் அங்கே ஒரு புதிய டெலிகேட்டை உருவாக்குகிறது. பதிவு செய்யும் அழைப்பு முடியும்வரை மட்டுமே அது பாதுகாப்பாக இருக்கும். சி பக்கத்தில் இருப்பது வெறும் ஃபங்ஷன் பாயின்டர் என்பதால், அதை இன்னும் ஒருவர் வைத்திருக்கிறார் என்பதைக் கார்பேஜ் கலெக்டர் அறிய வழியே இல்லை. டெலிகேட் போன பிறகு அழைப்பு வந்தால், சில நேரம் ரன்டைம் கண்டுபிடித்து 134-உடன் நிற்கும். அந்த முகவரி அதற்குள் வேறு பயன்பாட்டுக்குப் போயிருந்தால் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

அப்படியானால் அவர்களுடைய மாதிரி நிரல் மட்டும் எப்படி ஓடியது? அதில் கால்பேக் ஒரு ஸ்டாடிக் மெத்தட், அதாவது எந்த ஆப்ஜெக்டையும் சாராதது. 2022-இல் வந்த சி ஷார்ப் 11 முதல், ஸ்டாடிக் மெத்தட்டுக்கு இப்படி உருவாகும் டெலிகேட்டைக் கம்பைலரே சேமித்து வைத்துக்கொள்கிறது. எங்களுடையதைப் போன்ற இன்ஸ்டன்ஸ் மெத்தட்டுக்கு அப்படிச் செய்வதில்லை. எங்கள் மேசையில் விழாததற்குக் காரணம் இன்னும் எளியது: சிறு படங்களை வைத்துச் சிறிது நேரமே சோதித்ததால் கார்பேஜ் கலெக்டருக்கு வேலை வரவில்லை. எனவே இப்படிப்பட்ட கோளாறைத் தேடுபவர்கள் காத்திருக்கவே வேண்டாம். ஒரு தனி த்ரெட்டில், கார்பேஜ் கலெக்டரை உடனே ஓடவைக்கும் ஜிசி கலெக்ட்டை விடாமல் அழைத்துக்கொண்டிருங்கள். மணிக்கணக்கில் ஒளிந்திருந்த கோளாறு எங்களுக்குச் சில விநாடிகளில் வெளிப்பட்டது.

டெலிகேட்டை நீண்ட நாள் வாழும் ஒரு ஃபீல்டில் வைத்தவுடன் ஓட்டத்தின் நடுவே விழுவது நின்றது. லோக்கல் வேரியபிளில் வைப்பது போதாது. ரிலீஸ் பில்டில் கடைசிப் பயன்பாட்டுக்குப் பிறகு அது உயிரோடிருக்கும் என்ற உறுதி இல்லை. டெலிகேட்டை நினைவகத்தில் நகராதபடி ‘பின்’ (pin) செய்யவேண்டும் என்ற அறிவுரையும் பரவலாக உண்டு. அது தேவையில்லை, ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்கும் ஜிசி ஹேண்டிலை ‘பின்’ வகையில் கேட்டால் டெலிகேட்டுக்கு எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும்.

ஆனால் நிரலை மூடும்போது விழுவது மட்டும் நிற்கவில்லை. இதுதான் எங்களை அதிகம் வாட்டியது. கேமராவை நிறுத்தும் ஃபங்ஷன் திரும்பி வந்த பிறகும், அந்த லைப்ரரியின் த்ரெட் கையிலிருந்த கடைசிப் படத்துக்குக் கால்பேக்கை அழைத்தது. கால்பேக் எங்கள் ஆப்ஜெக்டைக் கண்டுகொள்வதற்காக, யூசர் டேட்டா என்ற பெயரில் லைப்ரரியிடம் ஒரு ஜிசி ஹேண்டிலைக் கொடுத்திருந்தோம்; அதை நாங்கள் அதற்குள் விடுவித்திருந்தோம். யூசர் டேட்டாவாக வந்த பாயின்டரை மீண்டும் ஹேண்டிலாக மாற்றும் இடத்தில் நிரல் விழுந்தது. நிறுத்திய பின் அழைப்பு வராது என்றோ வரலாம் என்றோ ஹெடர் கோப்பில் ஒரு சொல் இல்லை.

இறுதியில் அமைப்பையே மாற்றினோம். நேட்டிவ் பக்கம் மட்டுமே அழைக்கும் மெத்தட் என்று குறிக்கும், டாட்நெட் 5 முதல் இருக்கும் அன்மேனேஜ்ட்காலர்ஸ்ஒன்லி அட்ரிபியூட்டுடன் ஒரே ஒரு ஸ்டாடிக் மெத்தட் எழுதி அதன் முகவரியை நேரடியாகக் கொடுத்தோம். டெலிகேட்டே இல்லை என்பதால் எடுத்துப் போகவும் எதுவும் இல்லை. யூசர் டேட்டாவில் ஹேண்டிலுக்குப் பதில் ஓர் எண்ணை அனுப்பி, பல த்ரெட்கள் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய ஆப்ஜெக்டைத் தேடுகிறோம். எண் அங்கே இல்லையென்றால் கால்பேக் பேசாமல் திரும்பிவிடும். அதன் உடல் முழுவதும் ட்ரை-கேட்ச்சுக்குள் இருக்கிறது, ஏனெனில் சி ஃப்ரேம்களைத் தாண்டி எக்ஸெப்ஷன் வெளியேறினால் லினக்ஸில் ப்ராசஸ் அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸ் 32-பிட் கணினிகளும் உள்ளவர்கள் காலிங் கன்வென்ஷனையும் (ஃபங்ஷனை அழைக்கும் முறை) எழுதிவிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அங்கே எஸ்டிடி-கால் என்று கொள்ளப்படும்; சி லைப்ரரிகள் பெரும்பாலும் சி-டெக்ல். 64-பிட்டில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

கடைசியாக, இன்ஸ்டன்ஸ் மெத்தட்டையும் ஜிசி கலெக்ட் சுழற்சியையும் கொண்ட ஒரு பக்க நிரலை நிறுவனத்துக்கு அனுப்பினோம். அது அவர்கள் கணினியிலேயே விழுந்தது. ரேப்பரைத் திருத்தி அனுப்பினார்கள். நிறுத்தும் ஃபங்ஷனைப் பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆகவே எங்கள் எண் அட்டவணை அப்படியே இருக்கிறது.