கெடு: ஒரு ஜூலை நாட்குறிப்பு

ஜூன் 28

வருஷா வருஷம் இன்றைக்கு அதே பேச்சு. 1914-ல் சாரயேவோவில் ஓட்டுநர் வழி தவறினார், முதல் உலகப்போர் வந்தது. சொல்ல ருசியாகத்தான் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். காலையில் எறிந்த குண்டு, தட்டிவிட்ட பிறகு பத்து வினாடி கழித்து வெடிக்கிற ரகம். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் காரைத் தாண்டிப் பின்னால் வந்த வண்டிக்கடியில் வெடித்தது. காயம்பட்ட அதிகாரியை மருத்துவமனையில் பார்க்கவேண்டும், அதனால் ஆற்றோரச் சாலையிலேயே நேராகப் போவது என்று நகர்மன்றத்தில் முடிவெடுத்தார்கள். ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. முன்வண்டி பழைய வழியில் திரும்ப, இவரும் திரும்பினார். ஆளுநர் பொட்டியோரெக் கத்தினார், கார் நின்றது, நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கொலைகாரன் பிரின்சிப். இரண்டு தோட்டா.

இதற்கும் பிரிட்டன் போரில் இறங்கிய ஆகஸ்ட் 4-க்கும் நடுவில் 37 நாள். நான் பார்க்கவேண்டியது அந்த 37-ஐ.

ஜூலை 6

நேற்று பாட்ஸ்டாமில் விருந்து, ஜெர்மன் பேரரசர் கைசரின் வாய்வார்த்தை. இன்று சான்சலர் பெத்மான் ஹோல்வெக் அதை உறுதிசெய்கிறார்: ஆஸ்திரியா என்ன செய்தாலும் ஜெர்மனி கூட நிற்கும். தொகை எழுதாத காசோலை. கையெழுத்துப் போட்டவர் நார்வே பக்கம் கப்பலேறப் போய்விட்டார்.

ஜூலை 14

அறுவடை விடுப்பு. இது மண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா செர்பியாவை அடிப்பதாக இருந்தால் கொலை நடந்த சூட்டோடு அடித்திருக்கவேண்டும். ஐரோப்பாவே அப்போது அனுதாபத்தில் இருந்தது. ஆனால் படையின் பல பிரிவுகளில் ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், கதிர் அறுக்க. ஜூலை 25 வரை விடுப்பு. திரும்பக் கூப்பிட்டால் வயலில் கதிர் நிற்கும், ரயில் ஒழுங்கு கலையும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ நடக்கப்போகிறது என்று ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிடும். எனவே காத்திருந்தார்கள். ஹங்கேரிப் பிரதமர் டிஸா வேறு இன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அரிவாளோடு நின்ற அந்த ஆட்களுக்குத் தாங்கள் எதற்குக் காத்திருக்கவைக்கப்படுகிறோம் என்று தெரியாது.

இடையில் அனுதாபம் ஆறிப்போனது.

ஜூலை 20

பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே ரஷ்யாவில் இறங்குகிறார். விருந்து, அணிவகுப்பு.

ஜூலை 23

ஆஸ்திரியா செர்பியாவுக்கு மாலை ஐந்து மணிக்குக் கொடுப்பதாக இருந்த கடிதம். புவான்காரேயின் கப்பல் நினைத்ததைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும் என்று பெர்லின் கணக்குப் பார்த்துச் சொல்ல, ஆறாக மாற்றினார்கள். பிரான்சும் ரஷ்யாவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போது செய்தி போய்ச் சேரக்கூடாது. ஒரு மணி நேரம்வரை யோசித்திருக்கிறார்கள். இவர்களைப் போய்த் "தூக்கத்தில் நடந்து போருக்குள் விழுந்தவர்கள்" என்று எப்படிச் சொல்வது?

கடிதத்தில் பத்துக் கோரிக்கை. கெடு 48 மணி நேரம். செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பிரதமர் பாஷிச் இல்லை, தேர்தல் பிரசாரத்தில்.

ஜூலை 25

செர்பியாவின் பதில். திருத்தித் திருத்தி எழுதுகிறார்கள், தட்டச்சுப் பொறி மக்கர் செய்கிறது, கடைசியில் கையால் எழுதி, அடித்தல் திருத்தலோடு பாஷிச்சே எடுத்துப் போகிறார். ஆறுக்குச் சில நிமிடம் இருக்கிறது. ஆறாவது கோரிக்கைக்கு மட்டும் துலக்கமான மறுப்பு: செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க முடியாது. மற்றவற்றில் ஒப்புதல், அல்லது ஒப்புதல் மாதிரி.

ஆஸ்திரியத் தூதர் கீஸல் மேலோட்டமாகப் பார்த்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. ஆறரை மணி ரயிலில் கிளம்பினார். பதில் எதுவாக இருந்தாலும் ரயில் அதேதான்.

செர்பியா மட்டும் பால்குடிப் பிள்ளையா? பதிலைக் கொடுக்குமுன் பிற்பகலிலேயே படைதிரட்டலுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. கொலைக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் செர்பிய ராணுவ உளவுத்துறை ஆட்கள். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அறுவடை விடுப்பு இன்றோடு முடிகிறது.

ஜூலை 27

ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜூலை 28

காலையில் கைசர் அந்தப் பதிலைப் படிக்கிறார். படித்துவிட்டு, போருக்கு இனி எந்தக் காரணமும் இல்லை, பெல்கிரேடைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசலாம் என்று எழுதுகிறார். மூன்று வாரம் முன்பு அள்ளிவிட்ட அதே ஆள். அவர் எழுதியது உடனே வியன்னாவுக்குப் போகவில்லை. பெத்மான் இரவில் அனுப்பினார், அதுவும் கூர் மழுங்கிப்போய். அதற்குள் வியன்னா போரை அறிவித்துவிட்டது, சாதாரணத் தந்தியில். பாஷிச் முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

இன்னொன்று. ஆஸ்திரியாவின் கிழட்டுப் பேரரசரிடம் கையெழுத்து வாங்கப் போன வரைவில், எல்லையில் செர்பியர் சுட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. செய்தி உறுதிப்படவில்லை. வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட் அந்த வரியை எடுத்துவிட்டார். கையெழுத்து விழுந்த பிறகு.

ஜூலை 29

ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க், மத்தியத் தந்தி அலுவலகம், இரவு. ஜெனரல் தொப்ரொரோல்ஸ்கி கையில் முழுப் படைதிரட்டல் உத்தரவு, மூன்று அமைச்சர் கையெழுத்தோடு. கம்பிகளெல்லாம் அதற்காகக் காலி. ஒன்பதரை வாக்கில் தொலைபேசி: நிறுத்து. ரஷ்யப் பேரரசர் ஜாருக்குக் கைசரின் தந்தி வந்திருக்கிறது.

பதிலுக்கு அரைகுறைப் படைதிரட்டல்: கீவ், ஒடெஸா, மாஸ்கோ, கஸான் மாவட்டங்கள் மட்டும். ஜெர்மனிக்குக் கோபம் வரக்கூடாது என்று வார்சாவை விட்டுவிட்டார்கள். ஆனால் ஆஸ்திரிய எல்லையில் ஒரு பங்கு வார்சா மாவட்டத்தைத் தொட்டுத்தான் இருக்கிறது. ரிசர்வ் ஆட்களும் ரயில்பாதைகளும் மாவட்டத்துக்கு மாவட்டம் பின்னிக் கிடக்கின்றன. அரையைத் தொடங்கிவிட்டு நடுவில் முழுசுக்கு மாறினால், ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். தளபதிகள் பயந்தது நியாயமான பயம்தான். ஆனால், அரைக்கு முன்கூட்டியே ஒழுங்கான திட்டம் போடாமல் வைத்திருந்ததும் அவர்களேதான்.

ஜூலை 30

மாலை ஆறு வாக்கில் முழு உத்தரவு கம்பியேறியது. மறுபடி ஆறு மணி.

ஜூலை 31

பெர்லினிலிருந்து ரஷ்யாவுக்குக் கெடு, 12 மணி நேரம். பிரான்சுக்கு 18. பாரிசில் போரை எதிர்த்த சோஷலிசத் தலைவர் ஜோரெஸைச் சுட்டுவிட்டார்கள்.

சீனக் கரையில் சிங்தாவோ துறைமுகத்திலிருந்து மாலையில் ஒரு ஜெர்மன் கப்பல் கிளம்புகிறது. எம்டன். அதைப் பற்றி செப்டம்பரில்.

ஆகஸ்ட் 1

மாலை ஐந்துக்கு ஜெர்மனியின் படைதிரட்டல் உத்தரவு. கொஞ்ச நேரத்தில் லண்டனிலிருந்து ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி: பிரான்சைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்பதுபோல. கைசருக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே, ரஷ்யா பக்கம் திருப்பு என்கிறார். படைத் தலைமைத் தளபதி மோல்ட்கே, முடியாது என்கிறார்.

ஏன் முடியாது? ஒரு படையணியை, அதாவது ஒரு 'கோர்' படையை நகர்த்த 140 ரயில். சாமான் செட்டுக்கு அதே அளவு இன்னொரு பங்கு. எல்லா வண்டிக்கும் ஒரே மெதுவான வேகம், ஒன்றையொன்று முந்தாமல் இருக்க. கொலோன் பாலத்தில் மட்டும் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 ரயில், ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. குதிரை நிறைந்த வண்டியைக் கண்ட ஸ்டேஷனில் காலிசெய்ய முடியாது. நீள நடைமேடை, தண்ணீர், தீவனம் எல்லாம் முன்கூட்டி அங்கே இருக்கவேண்டும். நடுவழியில் திருப்பினால் துப்பாக்கிக்காரன் கிழக்கே, அவன் தோட்டாப் பெட்டி மேற்கே.

சரி. ஆனால் கிழக்கே மொத்தமாகப் போகும் திட்டம் ஒன்று 1913 வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அந்த ஆண்டு கைவிட்டார்கள். மோல்ட்கேயின் அலுவலகம்தான் கைவிட்டது. ரயில் பிரிவுத் தலைவர் ஸ்டாப் பின்னாளில், முடிந்திருக்கும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்னது சரியா, ரோஷமா, அது கிடக்கட்டும். 'முடியாது' என்பது ஆகஸ்ட் 1 மாலை பிறந்த சொல் அல்ல. யாரோ அமைதியான ஒரு நாளில் மேசையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு, அந்த வழியை அடைத்திருக்கிறார். அப்போது எந்தக் கெடுவும் இல்லை.

"எந்திரம் ஓடிவிட்டது, மனிதர் என்ன செய்வார்" என்று எழுதுகிறவர்கள் மேல் இன்று சரியான எரிச்சல்.

ஆகஸ்ட் 2

பெல்ஜியத்துக்குக் கெடு, 12 மணி நேரம். பிரெஞ்சுக்காரர் உங்கள் நாட்டுக்குள் நுழையப் போகிறார்கள், அதனால் நாங்கள் நுழைகிறோம். அந்தக் கடிதத்தை மோல்ட்கே ஜூலை 26-லேயே எழுதிவிட்டார். 29-ஆம் தேதி முதல் பிரஸ்ஸல்ஸ் தூதரகத்தில் முத்திரையிட்ட உறையில் கிடந்தது.

உறைக்குள் காத்திருந்த அந்த நாட்களில் வெளியே சமாதானத் தந்திகள்.

ஆகஸ்ட் 3

பெல்ஜியம், முடியாது என்றது.

ஆகஸ்ட் 4

பெத்மான் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்கிறார்: பெல்ஜியத்துக்குள் நுழைந்தது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம்தான், நாங்கள் செய்வது அநியாயம்தான், காரியம் முடிந்ததும் சரிசெய்வோம். அவசியத்துக்குச் சட்டம் கிடையாதாம். இந்த மாத முழுவதிலும் உண்மையைப் பச்சையாகச் சொன்ன வாய் இது ஒன்றுதான். அதனால் அவரைக் கொஞ்சம் பிடிக்கவும் செய்கிறது, அதனாலேயே மன்னிக்கவும் மனம் வரவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லாமல் அவரே அடைத்துவிட்டார்.

பெல்ஜியத்துக்காக ஜெர்மனிக்குப் பிரிட்டனின் கெடு: லண்டனில் இரவு 11, பெர்லினில் 12. இந்தியாவை யாரும் கேட்கவில்லை; வைஸ்ராய் அறிவித்தார், முடிந்தது. கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

இரவு லண்டனில் ஒரு கூத்து. ஜெர்மனி போர் அறிவித்துவிட்டதாகத் தவறான தகவலை நம்பி, அதற்கேற்ப எழுதிய கடிதத்தை லிக்னோவ்ஸ்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு தெரிகிறது, ஜெர்மனி அறிவிக்கவில்லை. இளநிலை அதிகாரி ஹெரால்ட் நிக்கல்சனிடம் சரியான கடிதத்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். தூதர் படுத்துவிட்டார். நிக்கல்சன் படுக்கையறைக்கே போய், பழைய உறையை எடுத்துக்கொண்டு, புதியதைக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.