கிளாட் எதைச் சோதிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் (CLAT) நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலருக்குச் சட்டத் தர்க்கப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரு சம்பவம். அந்த விதி இதற்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே அத்துமீறல், சேதம் ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்த பந்தை எடுக்க ஒருவர் சுவரேறிக் குதிக்கிறார். ஒரு செடிகூட மிதிபடவில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் "பாவம், பந்தை எடுக்கத்தானே போனார்" என்பார்கள். அந்த இரக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, விதி சொல்வதை மட்டும் பார்க்கப் பழக வேண்டும். வழக்கறிஞருக்கு முதலில் வேண்டிய பயிற்சி அது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவி ஒருத்தி இதில் எல்லோரையும்விட வேகமானவள். நிபந்தனையை மாற்றிக் கேட்டாலும் தயங்க மாட்டாள். "உள்ளே வர அனுமதித்துவிட்டு, பிறகு வெளியே போகச் சொல்லியும் ஒருவர் போகாமல் நின்றால், மேடம்?" என்று என்னையே மடக்குவாள். அதே பத்தியை, தேர்வில் வருவதுபோல் ஆங்கிலத்தில் நீட்டினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறாள்.

120 கேள்விகளுக்கு 2 மணி நேரம். 450 சொற்கள் வரை நீளும் பத்திகளைப் படித்து முடிப்பதும் அதற்குள்தான். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். 2020 முதல் தேர்வு பத்தி சார்ந்ததாக மாறியதை நான் வரவேற்றேன். மனப்பாடத்தின் பிடி தளர்ந்தது, நல்லதுதான். ஆனால் அதனாலேயே வாசிப்பு வேகம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதுவும் ஆங்கில வாசிப்பு வேகம். ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே சோதிக்கட்டும். ஐந்து பகுதிகளிலும் அதையே சோதித்தால் இவளுடைய தர்க்க அறிவை யார், எப்போது பார்ப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்த்துக்கொள்ளும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றனவே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் கிளாட் எழுதித்தான் ஆக வேண்டும்.

வகுப்புகள் ஆங்கிலத்தில்தானே நடக்கின்றன என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். மருத்துவப் படிப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, நீட் தேர்வையோ தமிழில் எழுத முடிகிறது. 2008இல் தொடங்கிய கிளாட் இன்னும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. இத்தனைக்கும் நம் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சி பேசுவதும், குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்பதும் தமிழில்தான்.

இப்போதைக்கு அவளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஆங்கிலத் தலையங்கம் கொடுத்து, கடிகாரம் பார்க்காமல் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதை அவள் ஒருத்தியின் உழைப்பின் மேல் சுமத்திவிடக் கூடாது. தமிழில் நீட் எழுதுபவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த வினாத்தாள் தருகிறார்கள். கிளாட்டுக்கும் அதே வினாத்தாளைத்தான் கேட்கிறேன்.