ஐந்து லிட்டர் கடல்நீரை வெயிலில் வற்றவைத்துப் பார்த்தது

கடல்நீரைக் காய்ச்சினால் உப்பு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடல்நீரில் இருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை. ஒவ்வொன்றும் தன் முறை வந்தால்தான் இறங்கும். 1849-இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்து இந்த வரிசையைப் பதிவு செய்தார். அதைத் தூத்துக்குடிக் கடல்நீரில் என் மொட்டை மாடியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

துணியில் வடிகட்டிய ஐந்து லிட்டர் நீரைக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினேன். எவர்சில்வர் வேண்டாம், அடர் உப்புநீர் அதையும் அரித்துவிடும். பக்கத்தில் ஒரு தட்டில் தாமிரபரணித் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர்.

முதலில் எடை. ஒரு லிட்டர் கடல்நீர், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 25 கிராம் அதிகம் இருந்தது. ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளோ 35 கிராம் அளவுக்கு வரும். மீதிப் பத்து கிராம் எங்கே? கரைந்த உப்பும் கொஞ்சம் இடம் பிடிக்கிறது, அந்த அளவுக்குத் தண்ணீர் குறைகிறது. அதனால்தான் எடை முழுதாக ஏறவில்லை.

பாதி வற்றியபோது தட்டின் அடியில் மெல்லிய படலம் மட்டும் தெரிந்தது. அது கால்சியம் கார்பனேட். ஐந்து லிட்டருக்கும் சேர்த்து அரை கிராம் தேறினால் பெரிது. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, அடர்த்தி 1.12-ஐ ஒட்டியபோது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், இறங்கியது. ஊசி ஊசியாக, வெயிலில் மினுங்கும் சின்னச் சின்னப் படிகங்கள். நாக்கில் வைத்தால் உப்பே கரிக்காது. இவ்வளவு கெட்டியான உப்புநீருக்குள் உப்பில்லாத ஒன்று முதலில் வந்து நிற்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. இந்தக் கட்டத்தில் தெளிந்த நீரை மட்டும் வேறு தட்டுக்கு மாற்றினேன். உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீரை நகர்த்துவதும் இதற்காகத்தான், ஜிப்சம் பின்னால் தங்கிவிடும்.

அப்புறம் காத்திருப்பு. அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைந்து, அடர்த்தி 1.21-ஐத் தொட்டதும் மேற்பரப்பில் சதுரச் செதில்கள் மிதக்க ஆரம்பித்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தலைகீழான குட்டிப் பிரமிடு, நடுவில் பள்ளம். மேலே மிதக்கும் படிகம் கனம் கூடி லேசாக அமிழும், ஓரங்களில் அடுத்த அடுக்கு வளரும், மறுபடி அமிழும். கடைசியில் மூழ்கி அடியில் கனசதுரமாகப் பருக்கும். ஒரு முழு மாலையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடிக்காத நேரத்தில்தான் பெரிய பிரமிடுகள் வருகின்றன.

உப்பளங்களில் இதே கணக்கைப் போமே டிகிரி என்ற அடர்த்தி அளவில் சொல்வார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி, உப்பு விழுவது 25-ஐ ஒட்டி, 29-30 வந்தால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். நானும் அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொண்டேன். உலர்த்தி நிறுத்தால் நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

எஞ்சியது ஒரு டம்ளர் அளவுக்குக் கசப்பு நீர், தொட்டால் எண்ணெய் மாதிரி வழுவழுப்பு. உண்மையில் எனக்கு உப்பைவிட இதுதான் சுவாரசியம். எவ்வளவு வெயிலில் வைத்தாலும் இது முழுதாகக் காய்வதில்லை. காரணம் மக்னீசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பின் நிறைகரைசல் (இனி உப்பு கரையாத அளவுக்கு நிறைந்த நீர்) வற்ற, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதத்துக்கும் கீழே போக வேண்டும். கடற்கரை ஊரில் அப்படிப்பட்ட காற்றுக்கு எங்கே போவது? கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவதற்கும் அதில் ஒட்டியிருக்கும் இந்த மக்னீசியமே முக்கியக் காரணம். கசப்பு நீரில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றினேன். உடனே வெள்ளையாகத் திரண்டது, மக்னீசியம் ஹைட்ராக்சைடு. கடல்நீரிலிருந்து மக்னீசியம் எடுக்கும் ஆலைகளிலும் முதல் படி இதுதான்.

சரி, தாமிரபரணித் தட்டு? முழுதும் வற்றியபின் வெள்ளைப் படலம் மட்டும். வினிகர் விட்டதும் சின்னக் குமிழிகள் வந்தன. ஆறுகள் கொண்டுபோவதில் கால்சியமும் பைகார்பனேட்டும்தான் அதிகம். கடலில் அந்தக் கால்சியத்தைச் சிப்பியும் பவளமும் எடுத்துக்கொள்கின்றன. சோடியத்தையும் குளோரைடையும் அப்படி எடுத்துக்கொள்ள யாரும் இல்லை, அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

என் வரிசை உசிக்லியோவின் வரிசையோடு அப்படியே பொருந்தியதில் வியப்பில்லை. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடும், குறையும், ஆனால் முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறுவதேயில்லை.

அடுத்து உறையவைத்துப் பார்க்கப் போகிறேன். கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடும் என்பதால், பாதி உறைந்ததும் கட்டியை எடுத்து உருக்கி அதன் அடர்த்தியையும் மிச்ச நீரின் அடர்த்தியையும் அளக்கலாம் என்றிருக்கிறேன்.